லேப்டாப் தானாக அணைந்துபோகிறதா? காரணத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

யாங்கோனில் எந்தச் சாமான் கெட்டாலும் பழி மின்சாரத்தின் மேல்தான் விழும். ஐஸ்பெட்டி, தண்ணீர் மோட்டார், ரைஸ் குக்கர் விஷயத்தில் அது பெரும்பாலும் நியாயமான பழி. லேப்டாப் விஷயத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. அதற்குள் பேட்டரி இருக்கிறது. அந்தப் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், ‘மீ பியெட்’ (மின்சாரம் போவது) ஆகும் நொடியில் திரை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான், வேலை தொடரும். மின்சாரம் போகும்போதெல்லாம் லேப்டாப்பும் போகிறது என்றால் கோளாறு லேப்டாப்பில் இருக்கிறது, அதிலும் பெரும்பாலும் பேட்டரியில்.

‘சாயங்காலம் கரண்ட் ரொம்ப லோவாக வருது, அதனாலதான் அணையுது’ என்று சொல்கிறவர்களும் உண்டு. அடாப்டரைத் திருப்பி முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். இன்புட் என்ற இடத்தில் 100-240 என்று அச்சிட்டிருக்கும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 170 வந்தாலும் அந்த அடாப்டர் கவலைப்படாது. ஜப்பானிலிருந்து வந்த பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் மட்டும், சீட்டில் 100 என்று மட்டுமே போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அதை இங்கே நேராகச் செருகவே கூடாது.

மின்சாரம் லேப்டாப்புக்குச் செய்யும் உண்மையான கெடுதல் வேறு வகை. திரும்பி வரும் நொடியில் வோல்டேஜ் குதிப்பது ஒன்று. தினமும் பேட்டரியை அடிவரை காலி செய்து மறுபடி நிரப்ப வைப்பது இன்னொன்று. மின்விசிறியும் ஏசியும் நின்றுபோய் அறையே அடுப்பாகிவிடும் நேரத்தில் அதே லேப்டாப்பில் வேலை பார்ப்பது மூன்றாவது. இவை மெதுவாகக் கெடுப்பவை. இன்று அணைவதன் காரணத்தை இனி வரும் வரிசையில் தேடுங்கள்.

தொடங்கும் முன் ஒரு வேலை: முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள். திடீர் திடீரென்று அணையும் லேப்டாப் கோப்புகளையும் சேர்த்துக் கெடுக்கும்.

முதல் படி: எப்படி அணைகிறது என்று கவனியுங்கள்

‘தானா ஆஃப் ஆகுது’ என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன.

ஒரு நொடியில் திரை கறுத்து, விசிறிச் சத்தமும் நின்று, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணைந்தால் அது மின் வழங்கல், சூடு, அல்லது மதர்போர்டு. திரையில் விண்டோஸ் முறையாக மூடுவது தெரிந்து, பிறகு அணைந்தால் அது மென்பொருளின் உத்தரவு. நீலத் திரை ஒரு கணம் மின்னிவிட்டு மறுபடி தொடங்கினால் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்), ராம் (நினைவகம்), டிஸ்க் பக்கம் பாருங்கள். அணைந்த பிறகு பவர் பொத்தானை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்தே எல்லா ஜன்னல்களும் திறந்தால் அது அணையவே இல்லை, தூங்கப் போயிருக்கிறது.

கடைசி வகைக்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. மூடியை மூடியதை உணர்வதற்காக லேப்டாப்பில் காந்த உணரி இருக்கும். காந்தப் பூட்டுள்ள போன் உறையையோ காந்தக் கொக்கி வைத்த கடிகாரப் பட்டையையோ விசைப்பலகை ஓரத்தில் வைத்தால், மூடி மூடப்பட்டதாக நினைத்துத் திரை அணைந்துவிடும். பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் நகர்த்திவிட்டுப் பாருங்கள். செலவே இல்லாத பழுதுபார்ப்பு.

எந்த நேரத்தில் அணைகிறது, அடாப்டர் செருகியிருந்ததா, பேட்டரி எத்தனை சதவீதம், அடிப்பாகம் சூடாக இருந்ததா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடைக்குப் போக வேண்டி வந்தாலும் அந்தத் தாள் உதவும்.

இரண்டாம் படி: லேப்டாப் எழுதிவைத்ததைப் படியுங்கள்

விண்டோஸ் தன் நாட்குறிப்பைத் தானே எழுதிக்கொள்கிறது. ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து ஈவென்ட் வியூவரைத் திறங்கள். இடப்பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். லேப்டாப் அணைந்த நேரத்தை ஒட்டிய பதிவுகளைப் பாருங்கள். தேட வேண்டிய எண்கள் சில:

41 – முறையாக மூடாமல் மறுபடி தொடங்கியிருக்கிறது.
6008 – முந்தைய மூடல் எதிர்பாராதது. எத்தனை மணிக்கு என்றும் சொல்லும்.
1074 – ஒரு நிரலோ பயனரோ மூடச் சொன்னது. எந்த நிரல் என்ற பெயரும் இருக்கும்.
86 – கெர்னல் பவர் என்ற மூலத்தின் கீழ் இருந்தால், அளவு மீறிய சூட்டால் அணைக்கப்பட்டது.
105 – இதுவும் கெர்னல் பவர்தான். அடாப்டரிலிருந்து பேட்டரிக்கோ, பேட்டரியிலிருந்து அடாப்டருக்கோ மாறிய நேரம்.

41 என்ற எண்ணைப் பார்த்ததும் அதையே நோயின் பெயராக நினைத்து இணையமெல்லாம் தேடுகிறார்கள். அது காரணத்தைச் சொல்லும் எண் இல்லை. அந்தப் பதிவைத் திறந்து டீடெய்ல்ஸ் தாவலில் பக்செக்கோட் என்ற வரியைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் என்றால் நீலத் திரை வரவில்லை; மின் வழங்கலோ சூடோதான் பெரும்பாலும் காரணம். 292 என்றால் வன்பொருள் பிழை. 26 என்றால் நினைவக நிர்வாகப் பிழை, அதாவது ராம் அல்லது டிரைவர் மேல் சந்தேகம்.

105-ஐயும் 41-ஐயும் சேர்த்துப் படியுங்கள். 105 பதிவாகி அதன் காலடியிலேயே லேப்டாப் விழுந்திருந்தால், மின்சாரம் போன நொடியில் பேட்டரி சுமையைத் தாங்கவில்லை. பேட்டரி அடியோடு செத்திருந்தால் 105 எழுதக்கூட நேரம் இருக்காது. வெறும் 41 மட்டும் கிடக்கும்.

மூன்றாம் படி: விண்டோஸை விலக்கிப் பாருங்கள்

லேப்டாப்பைத் தொடங்கும்போது எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் விசையை அழுத்தி (நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்) பயாஸ் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் ஓடும் அடிப்படை நிரல்) திரைக்குள் போங்கள். எதையும் மாற்றாமல் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ், வைரஸ், டிரைவர் எல்லாம் குற்றமற்றவை. ஃபார்மட் செய்து கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பயாஸில் அசையாமல் நின்று, விண்டோஸில் வேலை ஏறும்போது மட்டும் அணைந்தால் சூட்டையோ பலவீனமான பேட்டரியையோ சந்தேகப்படலாம்.

நான்காம் படி: பேட்டரி

லேப்டாப்பைக் கையில் எடுப்பதற்கு முன் மேஜையில் வைத்து ஓரத்திலிருந்து பாருங்கள். நான்கு காலும் தரையைத் தொடாமல் ஆடுகிறதா? டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறதா, கிளிக் இறுகிவிட்டதா? ஓர விளிம்பில் முன்பு இல்லாத இடைவெளி தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். உடனே அணையுங்கள், அடாப்டரைக் கழற்றுங்கள், இனி சார்ஜ் போடாதீர்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கிறேன் என்று யாரையும் கிட்டே விடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் வீட்டுத் தீயணைப்புக்கு அடங்காது. கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மாற்றிக்கொடுத்த கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

உப்பவில்லை என்றால் அதன் வயதைக் கணக்கிடலாம். தேடல் கட்டத்தில் கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடித் திறங்கள். ஆங்கில எழுத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டித் தட்டுங்கள். ஒரு இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி எழுதி என்டர் அழுத்துங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று அதுவே காட்டும். பிரவுசரில் திறந்தால் டிசைன் கபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கபாசிட்டி என்று இரண்டு வரிகள் இருக்கும். உதாரணத்துக்கு முதலாவது 45,000, இரண்டாவது 19,000 என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியில் மிஞ்சியிருப்பது 42 சதவீதம்தான்.

அந்த எண்ணைவிட முக்கியமானது கீழே இருக்கும் ரீசன்ட் யூசேஜ் பட்டியல். பேட்டரி 38 சதவீதத்தில் இருந்து, அடுத்த வரியில் திடீரென்று எதுவும் இல்லாமல் போய், மறுபடி அடாப்டரோடு தொடங்கியிருந்தால் கதை தெளிவு. பழைய பேட்டரியின் உள் மின்தடை ஏறிவிடும். எழுத்துத் தட்டும்போது தாங்கும். வீடியோ அழைப்பு தொடங்கி பிராசஸர் அதிக மின்சாரம் இழுத்ததும் வோல்டேஜ் சரிந்து, பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். சதவீதம் 38 என்று காட்டியது பொய் இல்லை, அதை எடுக்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

மேக்புக் என்றால் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பவர் பகுதியைத் திறங்கள். சைக்கிள் கவுன்ட் (எத்தனை முழுச் சார்ஜ் சுற்று ஓடியது), கண்டிஷன் (பேட்டரியின் நிலை) இரண்டும் இருக்கும். இப்போதுள்ள மாடல்கள் 1,000 சைக்கிளுக்குக் கணக்கிட்டவை.

புதிய பேட்டரி வாங்கும்போது லேப்டாப் மாடலை மட்டும் சொல்லாதீர்கள். பழைய பேட்டரியின் மேல் அச்சிட்ட பார்ட் நம்பரையும் வோல்டேஜையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று வகை இருக்கும். அச்சிட்ட கொள்ளளவை அப்படியே நம்ப வேண்டாம். பொருத்தியதும் மேலே சொன்ன அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இப்போது பல லேப்டாப்களில் இருக்கிறது. பேட்டரி ஆயுளுக்கு அது நல்லதுதான். ஆனால் சுழற்சி முறையில் மின்சாரம் வரும் ஊரில் அந்த 20 சதவீதம்தான் அடுத்த மீட்டிங்கைக் காப்பாற்றும். மின்சாரம் ஒழுங்காக வரும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

ஐந்தாம் படி: அடாப்டர், பிளக், இன்வெர்ட்டர்

அடாப்டர் செருகியிருக்கும்போது அணைகிறது, பேட்டரியில் நன்றாக ஓடுகிறது என்றால் தேட வேண்டிய இடம் இது. சார்ஜ் விளக்கைப் பார்த்துக்கொண்டே லேப்டாப் முனையில் கம்பியை மெதுவாக அசையுங்கள். விளக்கு மினுங்கினால் கம்பி முறிந்திருக்கிறது, அல்லது லேப்டாப் ஜாக் தளர்ந்திருக்கிறது. வேறு அடாப்டரில் ஓட்டிப் பார்த்தால் எது என்று தெரியும். மாற்று அடாப்டரில் வோல்டேஜ் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. யுஎஸ்பி சி வகை என்றால் கேபிளும் முக்கியம்: 60 வாட்டுக்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். போனுக்கு வந்த கேபிளால் கனமான வேலை நடக்காது.

நம் வீடுகளில் சுவர்ப் பிளக் ஒரு வகை, அடாப்டர் பிளக் இன்னொரு வகை, நடுவே ஒரு மாற்றுப் பிளக், அதற்குக் கீழே நீளமான எக்ஸ்டென்ஷன். ஒவ்வொரு இணைப்பும் தளர்ந்து பொறி விடும் இடம். பிளக் தொட்டால் சுடுகிறதா, சாக்கெட்டில் கறுப்புத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாக்கெட்டை மாற்றுங்கள்.

மலிவான இன்வெர்ட்டர்களில், சீரான அலையாக இல்லாமல் படிப்படியாக மின்சாரம் தரும் மாடிஃபைட் சைன் வேவ் வகை உண்டு. அதில் அடாப்டர் லேசாக உறுமும், கூடுதலாகச் சூடேறும். வேலை நடக்கும், ஆனால் நீண்ட நாள் ஓட்டுவதற்குச் சீரான அலை தரும் பியூர் சைன் வேவ் வாங்குவது நல்லது. ஜெனரேட்டர் என்றால் கிளப்பியதும் செருகாதீர்கள்; ஓட்டம் சீராகட்டும். அதேபோல் தெருவெல்லாம் ‘மீ லாபி!’ (மின்சாரம் வந்தாச்சு) என்று குரல் கேட்டதும் ஓடிப்போய்ச் செருக வேண்டாம். மின்சாரம் போனதும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் போடுங்கள். ஐஸ்பெட்டிக்கு வைக்கும் சேஃப்கார்டு (வோல்டேஜ் பாதுகாப்புப் பெட்டி) வழியாகச் செருகினால் இந்தக் காத்திருப்பை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஆறாம் படி: சூடு

பல லேப்டாப்களின் கையேட்டில் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும் அறை வெப்பம் அதிகபட்சம் 35 டிகிரி. தண்ணீர்த் திருவிழா வரும் ஏப்ரலில் யாங்கோன் சாதாரணமாகவே அதைத் தாண்டும். 2024 ஏப்ரல் 28 அன்று மாக்வே பகுதியில் இருக்கும் சௌக் ஊரில் 48.2 டிகிரி பதிவானது. இந்த வெப்பத்தில் மின்விசிறியும் ஓடாத அறையில், மெத்தை மேல் வைத்த லேப்டாப் அணையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பிராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சூட்டுக் கோளாறுக்கு ஒரு முன்னறிவிப்பு உண்டு: விசிறி அலறும், எல்லாம் மந்தமாகும், அப்புறம்தான் அணையும். அணைந்த உடனே மறுபடி தொடங்கினால் சீக்கிரமே மீண்டும் அணையும். ஆறவிட்டுத் தொடங்கினால் கொஞ்ச நேரம் தாங்கும். எச்டபிள்யூ மானிட்டர், கோர் டெம்ப் போன்ற இலவச நிரல் ஒன்றில் அதிகபட்ச வெப்பம் என்ற கட்டத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 வரை, கனமான வேலையில் 90 வரை போவது வழக்கம். சும்மா இருக்கும்போதே 75 என்றால் உள்ளே அடைப்பு. டாஸ்க் மேனேஜரையும் ஒரு முறை திறந்து, தெரியாத நிரல் எதுவும் பிராசஸரை 90, 100 சதவீதம் தின்கிறதா என்று பாருங்கள். கிரிப்டோ நாணயம் தோண்டும் வைரஸ்களின் அடையாளம் அது.

சுத்தம் செய்வது எப்படி? வெளியிலிருந்து துளை வழியாகக் காற்று ஊதுவது பாதி வேலைதான். தூசி சேரும் இடம் விசிறிக்கும், அதன் வாயில் நிற்கும் மெல்லிய செம்பு அல்லது அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே. சாம்பிராணிப் புகையும் தாளிக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் தெருவில் ஓடும் ஜெனரேட்டர் கரியும் சேர்ந்து தூசியை ஒட்டவைக்கும். விசிறியைக் கழற்றினால் கம்பளித் துண்டு மாதிரி ஒரு சாம்பல் நிறப் பட்டை, தகடுகளின் வாய் முழுக்க அகலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை ஊதினால் போகாது. சாமணத்தால் ஒரு முனையைப் பிடித்து உரித்தால் முழுதாக வரும். உரித்ததும் தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும்.

கழற்றுவதற்கு முன் லேப்டாப்பை முழுதாக அணைத்து, அடாப்டரை எடுத்து, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பவர் பொத்தானை 15 நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை விடுங்கள். திருகுகள் நீளத்தில் வேறுபடும். நீளமானதைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் மதர்போர்டில் குத்தும். ஒரு தாளில் லேப்டாப் அடிப்பாகத்தை வரைந்து, ஒவ்வொரு திருகையும் அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் தாங்கு பகுதி கெடும்.

வாங்கிப் பல வருடம் ஆகியிருந்தால், பிராசஸரின் சூட்டை அதன் மேல் அமரும் தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். பழையதை 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிராசஸர் நடுவில் ஒரு பெரிய அரிசி மணி அளவு புதிய பேஸ்ட் வையுங்கள். பிராசஸர் மேல் அமரும் அந்தத் தகட்டின் திருகுகள் மேல் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கை நடுங்கினால் இந்த ஒரு வேலையைக் கடையில் கொடுத்துவிடலாம், பெரிய செலவு ஆகாது.

ஏப்ரல், மே மாதங்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு அமைப்பு, பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட். அங்கே மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட் 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். ஒரு எண்தான் குறைகிறது, ஆனால் டர்போ வேகம் (தேவைப்படும்போது பிராசஸர் எட்டும் கூடுதல் வேகம்) நின்றுவிடும். கனமான வேலையில் சூடு நன்றாக இறங்கும், பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். டைப்பிங், கணக்கு, பாடம் கேட்பது போன்ற வேலைகளில் வித்தியாசமே தெரியாது. சில புதிய லேப்டாப்களில் இந்த வரி மறைந்திருக்கும். அப்போது பேட்டரி சேவர் முறையில் ஓட்டுங்கள்.

மழைக்காலத்துக் கோளாறு வேறு. யாங்கோனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள். ஈரத்தில் வாரக்கணக்கில் பைக்குள்ளேயே கிடந்த லேப்டாப்பின் இணைப்புகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், அடிக்கடி அணைவதற்கு அதுவே போதும். நனைந்துவிட்டால் தொடங்கிப் பார்க்கவே கூடாது. அரிசி மூட்டைக்குள் புதைப்பதும் வேண்டாம். மாவும் தூசியும்தான் உள்ளே போகும்.

ஏழாம் படி: மீதி சந்தேகங்கள்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்டென்று அணைவதற்கு இவை காரணமாக இருப்பது குறைவு. தேடல் கட்டத்தில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ராம் சோதனையை ஓட்டுங்கள். பிழை காட்டினால் ராம் துண்டைக் கழற்றி, தொடுமுனையைத் துடைத்து மறுபடி செருகிப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நிரலில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். பவர் ஆப்ஷன்ஸில் கிரிட்டிக்கல் பேட்டரி அளவு யாராவது 20, 30 என்று உயர்த்திவைத்திருந்தால் அந்த இடத்தில் லேப்டாப் சொன்னபடியே அணையும், 5 போதும்.

பயாஸ் புதுப்பித்தால் சரியாகும் என்று ஆலோசனை கிடைக்கும். சில நேரம் உண்மைதான். ஆனால் பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் அணைந்தால் லேப்டாப் மறுபடி எழுந்திருக்காமலே போகலாம். பேட்டரி சரி என்று நான்காம் படியில் உறுதியாகி, சார்ஜ் நிறைந்து, மின்சாரமும் வந்திருக்கும் நேரத்தில் மட்டும் அதைத் தொடுங்கள்.

எட்டாம் படி: கடைக்குப் போவது

லேப்டாப்பை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினாலே அணைகிறது, அல்லது புதிய பேட்டரி, வேறு அடாப்டர், சுத்தமான விசிறி எல்லாம் இருந்தும் பயாஸ் திரையிலேயே அணைகிறது என்றால் பேட்டரி இணைப்பு தளர்ந்திருக்கலாம், இல்லாவிட்டால் மதர்போர்டு. அது வீட்டு மேஜையில் முடியும் வேலை இல்லை. குறித்துவைத்த தாளையும் ஈவென்ட் வியூவர் படங்களையும் கொடுங்கள். ‘ஆஃப் ஆகுதுண்ணே’ என்று மட்டும் சொன்னால் முதலில் ஃபார்மட்தான் நடக்கும்.

செலவு எவ்வளவு என்று வேலை தொடங்கும் முன் கேளுங்கள், மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். சிப்பைச் சூடாக்கி உயிர் கொடுத்தோம் என்றால் அது அதிக நாள் தாங்காது. அதே பணத்தைப் புதிய லேப்டாப்புக்குச் சேர்த்துவைக்கலாம். வேலை முடிந்து வாங்கும்போது, கடையிலேயே அடாப்டரைக் கழற்றிவிட்டு ஒரு வீடியோவை ஓடவிட்டு உட்காருங்கள். அரை மணி நேரம் அணையாமல் ஓடினால் பணத்தைக் கொடுங்கள்.